அடியந்திரத்துக்கு மறுநாள்

காலையில் பேப்பர் வந்தால் நான் முதலில் திறப்பது சரமப் பக்கத்தைத்தான். இறந்தவர்களின் செய்தி வருகிற பக்கத்துக்கு மலையாளத்தில் அப்படிப் பெயர். திருவனந்தபுரத்திலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்ட எனக்குத் தலைப்புச் செய்திகளைவிட அந்தப் பக்கத்துத் தபால்தலை அளவுப் போட்டோக்கள் அதிகம் உதவியிருக்கின்றன. தமிழ்ப் பெயரா என்று பார்ப்பேன். எழுபது தாண்டிய ஆளா, வாத்தியாரா, ரயில்வேயா, சாலைக் கடைத்தெரு வியாபாரியா என்று பார்ப்பேன். அப்படிப்பட்ட வீடுகளில் பரண்மேலோ கட்டிலுக்கடியிலோ பழைய மாத நாவல் ஒரு கட்டாவது கிடக்கும் என்பது என் அனுபவம்.

மாத நாவல் என்றால், பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, கையகலப் புத்தகம், உள்ளே சாணித்தாள், மேலே மட்டும் பளபளவென்று ஓர் அட்டை, அதுதான். கதைக்காக நான் அவற்றைச் சேர்க்கவில்லை. நாலாம் பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடுகிற கதைகள். நான் சேர்ப்பது அட்டைப்படத்துக்காக. பச்சை முகமும் ஊதா நிழலுமாக ஒரு பெண் மாடிப்படியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். மேஜையிலிருந்து டெலிபோன் ரிசீவர் தொங்கும். அச்சடித்தபோது சிவப்பு மட்டும் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும், உதட்டுச் சாயம் தாடைக்கு இறங்கியிருக்கும். அந்தப் பிசகைப் பார்த்துக்கொண்டே என்னால் ஒரு பொழுதை ஓட்டிவிட முடியும். பைத்தியம் என்று சொல்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. இறந்த வீட்டுக்கு உடனே போகக்கூடாது. எங்கள் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் என்றால் பதின்மூன்று நாள் முடிய வேண்டும். மற்றவர்கள் வீட்டில் பதினாறு. பதினாறாம் நாள் சாப்பாட்டை இந்த ஊரில் அடியந்திரம் என்பார்கள். அடியந்திரம் முடிந்த மறுநாள், பதினேழாம் நாள், காலை பத்து மணிக்குப் போய்விட வேண்டும். வந்த சொந்தக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் கட்டிலை நகர்த்தி, அலமாரியைத் திறந்து, 'இதையெல்லாம் என்ன செய்வது' என்று நின்றுகொண்டிருப்பார்கள். அதற்கு மறுநாள் போனால் ஆக்ரிக்காரன் வந்து எல்லாவற்றையும் எடை போட்டு அள்ளிக்கொண்டு போயிருப்பான். பழைய பேப்பர் வாங்குகிறவனுக்கும் எனக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு நாள்தான்.

என் மனைவிக்கு இது பிடிக்காது. பிடிக்காததை மறைத்து வைக்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

"அட்டை அட்டைன்னு அலையறேளே, உங்களுக்கு அந்தப் பேர் பொருத்தமாக்கும்," என்பாள். "மழைக்காலத்துல கால்ல ஏர்ற அட்டைகூட உடம்புல சூடு இருக்கறச்சேதான் கடிக்கும். நீங்க சூடு ஆறினப்புறம் வந்து நிக்கறேள்."

நான் இரண்டு பழைய துணிப்பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் நின்று முகத்தைத் துக்கத்துக்குத் தயார் செய்துகொண்டு கிளம்பிவிடுவேன். புருவத்தை லேசாக இறக்கி, உதட்டை உள்ளே மடித்துக்கொள்ள வேண்டும். நல்ல பழக்கமாகிவிட்ட முகம் அது.

என் சேகரிப்பில் ஓர் ஓவியர் தனி. அவருடைய அட்டைகளில் கையெழுத்து இருக்காது. சுவரிலோ ஜன்னல் சட்டத்திலோ ஒரு சின்னப் பல்லி வரைந்திருப்பார், அவ்வளவுதான். அட்டை சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எல்லோரும் அவரைப் பல்லி என்றுதான் சொல்வோம். மற்ற ஓவியர்கள் கத்தியை வரைவார்கள், ரத்தத்தை வரைவார்கள். பல்லியின் அட்டைகளில் கத்தியே கிடையாது. ஒரு கதவு பாதி திறந்திருக்கும். வெளியே ஓர் ஆள் நிற்பான். வீட்டுக்குள்ளிருந்து வருகிற வெளிச்சம் அவன் முகத்தில் விழும். பால்காரர் மாதிரி, தபால்காரர் மாதிரி, பக்கத்து வீட்டு அம்மா மாதிரி சாதாரண முகம். ஆனால் பார்த்தால் கை தானாக அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடும். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. இந்த ஆள் உள்ளே வரக்கூடாது என்று தோன்றும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த ஓவியர் சென்னையிலோ சிவகாசியிலோ இருந்து எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத் தொலைவில், கரமனையில், மகள் வீட்டில் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு நாள் சாலைக் கடைத்தெருவில் தெரிந்தது. நான் அரிசி வாங்கும் மொத்தக் கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு நாவலைக் கையில் எடுத்தவர், "இது நம்ம வரைக்கிற பாட்டா போட்ட படமில்லா. எங்க ஊரு ஆளாக்கும் அவரு," என்றார். பாட்டா என்றால் அந்தப் பக்கத்தில் தாத்தா. அரிசியை அங்கேயே வைத்துவிட்டு விலாசம் கேட்டு ஓடினேன்.

கதவைத் திறந்தது மகள். பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும். முன்னறையில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல். உடம்பு காய்ந்த விறகு. கைகள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய கைகள். நான் அவருடைய அட்டைகளைப் பற்றிக் கொட்டித் தீர்த்ததைப் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் தெரிஞ்ச ஆட்களுக்க மூஞ்சியாக்கும்," என்றார். "ரேஷன் கடைக்காரன், எனக்க சித்தப்பன், ஸ்கூல் பியூன். கதவு தட்டினா நான்தான் போய்த் தொறப்பேன். தொறக்கிற அந்த ஒரு செக்கண்டு இருக்குல்லா, அப்பம் உள்ளதுதான் மூஞ்சி. அதுக்குப் பொறவு அவன் நம்மளைப் பாத்து சரி பண்ணிக்கிடுவான். நான் அந்த செக்கண்டைத்தான் வரைஞ்சேன்."

மூலப்படங்கள் எங்கே என்று கேட்டேன். அச்சானதும் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறாராம். எல்லாம் அவர் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில். அட்டை சேர்க்கிறவன் வாழ்நாளில் ஒரு மூலப்படத்தைப் பார்த்தாலே பெரிது.

"ஒரு தடவை பாக்கலாமா?" என்றேன்.

"நான் இருக்கச்ச தொறக்க மாட்டேன். அதுல உள்ளவன் பாதிப்பேரு இப்பமும் ஊருல நடக்கான். பாத்தா சங்கடப்படுவான்." பிறகு சிரித்தார். "நான் போன பொறவு வாரும். வந்து எடுத்துக்கிட்டுப் போம்."

விளையாட்டாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் காலை நேரம் மாறிப்போனது. சரமப் பக்கத்தில் இப்போது ஒரே ஒரு முகத்தைத்தான் தேடினேன். இல்லை என்றால் பக்கத்தை மடிக்கும்போது ஒரு சின்ன ஏமாற்றம் வரும். அது ஏமாற்றம்தான் என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். கரமனை வழியாகப் பஸ்ஸில் போகும்போது மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் மரணப் போஸ்டர்களை எட்டிப் பார்ப்பேன். ஒரு மழை நாளில், இந்த ஈரம் வயதானவர்களின் நெஞ்சுக்கு ஆகாதே என்று நினைத்தேன். கவலையாகத்தான் நினைத்தேனா என்று இன்றைக்குக் கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சாலைக் கடைக்காரர் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வரைக்கிற பாட்டாவுக்க வீட்டுல நாளைக்கு அடியந்திரம், தெரியும்லா? சாமான் எல்லாம் இங்கேருந்துதான் போச்சு. இருநூறு இலை."

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தையைத்தான். அடியந்திரம். அப்படியென்றால் நாளைக்குப் பதினாறாம் நாள். பேப்பரில் எப்படித் தவறவிட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. கடைக்காரரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் அந்தப் பெட்டியின் நினைப்பு வந்துவிடும் என்று பயம்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கரமனையில் இருந்தேன். இந்தத் தடவை பைகள் போதாது என்று இரண்டு சாக்கு. வீட்டு வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். சாவு வீட்டில் குலை தள்ளிய வாழை எதற்கு என்று மூளை ஒரு மூலையில் கேட்டது. கால் நிற்கவில்லை. மணியை அடித்தேன். முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். மகளுக்கு மூட்டுவலி, உள்ளிருந்து மெதுவாகத்தான் வருவாள்.

கதவு உடனே திறந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். வீட்டுக்குள்ளிருந்து வெளிச்சம் என்மேல் விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"அடியந்திரம்னு..." என்றேன்.

"ஆமா, நேத்து. பேத்திக்கு நிச்சயதார்த்தம்." மூச்சு விட்டுக்கொண்டு கேட்டார்: "சாக்கு எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் கல்யாணமும் அடியந்திரம்தான், நிச்சயமும் அடியந்திரம்தான், பந்தி போட்டுச் சாப்பாடு என்றால் அடியந்திரம்தான். இந்த ஊரில் வளர்ந்த என் காதில் அது பதினாறாம் நாளாக மட்டும் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷம் நாகர்கோவில்காரர் கடையில் அரிசி வாங்குகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

அவருக்கும் புரிந்துவிட்டது. "ஓகோ," என்றார். "எனக்குப் பதினாறுன்னு நெனச்சீரு."

பிறகு சிரித்தார். கதவை அகலத் திறந்து, "வாரும், இரும்," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மகளைக் கூப்பிட்டு மிச்சமிருந்த போளியும் பால்பாயசமும் கொண்டுவரச் சொன்னார். நான் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லி எழுந்துபோக எனக்குத் தைரியம் இல்லை. எதிரில் உட்கார்ந்து நான் போளியைப் பிய்த்துப் பாயசத்தில் முக்குவதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"நல்லாச் சாப்பிடும்," என்றார். "எனக்க அடியந்திரமில்லா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. சாக்குகளைப் பார்த்து, "காலியா வந்திருக்கேள்," என்றாள். ஆமாம் என்றேன். அவமானமாக இருந்தது. ஆனால் அன்று மத்தியானம் படுத்தபோது என் மனத்தில் ஓடியது அவமானம் இல்லை. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியிலேயே இருக்கிறது என்பதுதான்.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள்.

"சாரே, அப்பாவுக்கு ஒரு பேடி பிடிச்சிருக்கு," என்றாள். பேடி என்றால் பயம். "காலைல எழும்பினதும் 'சாக்குக்காரர் வந்தாச்சா'ன்னு கேக்காரு. முன்வாசலைத் தொறக்க விடமாட்டேங்காரு. நாங்க பின்வாசல் வழியாக்கும் போறதும் வாறதும். கதவைப் பாத்தே நாற்காலிய போட்டு இருக்காரு. சரியாச் சாப்பிடல்ல. சாருமேல எனக்குக் கோவமில்ல. ஒரே ஒரு காரியம் செய்யணும். சாரு வந்து, அந்தப் படம் ஒண்ணும் எனக்கு வேண்டாம்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கண்டிப்பாக வருகிறேன் என்றேன். உண்மையாகவே நினைத்தேன். ஆட்டோவில் போகும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு அந்தப் படங்கள் வேண்டாம். எளிதான வாக்கியம். நாலே வார்த்தை. ஒரு மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடவும் தூங்கவும் அதுதான் தேவை என்றால் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே.

பின்வாசல் வழியாகப் போனேன். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். பூட்டிய முன்கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், நான் பின்னாலிருந்து வந்ததைக் கண்டு திடுக்கிட்டார். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டார். மகள் காப்பி போடுகிற சாக்கில் எங்களைத் தனியாக விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் தொண்டையைச் செருமினேன்.

அவர் முந்திக்கொண்டார். "பெட்டியைப் பாக்கணும் உமக்கு. வாரும்."

"இல்லை, நான் வந்தது—"

"பொறவு நீருதானே எடுக்கப் போறீரு. இப்பமே பாத்துக்கிடும்."

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை நான்தான் இழுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான்தான் திறந்தேன். உள்ளே ரசகற்பூர வாசனையும் பழைய பசை வாசனையும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி. முதல் துணியை விலக்கியதும் நான் எதற்கு வந்தேன் என்பது எனக்கு மறந்துபோனது. இதை மறைக்காமல் சொல்கிறேன். முழுக்க மறந்துபோனது.

புத்தகத்தில் சேறாகத் தெரிந்த ஊதா, இங்கே கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. அச்சில் தள்ளி விழுந்த சிவப்பு இங்கே விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. நான் இத்தனை வருஷம் ரசித்த பிசகு ஒன்றும் இல்லாமல், கதவுக்கு வெளியே நின்றவர்கள் அவரவர் முகத்தோடு நின்றார்கள். ரேஷன் கடைக்காரர், வீட்டுக்குள் யாரும் இல்லை என்று நம்பி மணி அடித்தவர் போல் இருந்தார். ஒரு பெண் உள்ளே யாரோ அழுவதைக் கேட்டுவிட்டாள், அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. சித்தப்பாவின் கண் கதவைத் திறந்தவரைத் தாண்டி அலமாரியைப் பார்த்தது. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, வெறி இல்லை. எல்லோருக்கும் ஏதோ வேண்டியிருந்தது. அவ்வளவுதான். என்னை அட்டையைக் கவிழ்க்க வைத்தது எது என்று அப்போது புரிந்தது.

இரண்டு மணி நேரம் பார்த்திருப்பேன். காப்பி ஆறி ஏடு படிந்துவிட்டது. அவர் படங்களைப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துணியை மூடியபோது கேட்டார்:

"எப்பம் வருவீரு? அதை மட்டும் சொல்லும்."

குரலில் விளையாட்டு இல்லை. டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். நான் தேதி தெரிந்தவன் என்று அவர் எப்படியோ நம்பிவிட்டிருந்தார். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அப்போதாவது சொல்லியிருந்தால் போதும். நான், "உடம்பைப் பாத்துக்கோங்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கேட் வரைக்கும் மகள் கூட வந்தாள். "சொன்னீங்களா சாரே?"

"சொன்னேன்," என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு நான் கரமனைப் பக்கம் போகவில்லை. பேப்பரில் சரமப் பக்கத்தையும் திறக்கவில்லை. மனைவி அதைக் கவனித்து, உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூரியர்காரன் முகத்தையும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளின் முகத்தையும் கதவைத் திறந்ததுமே உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றும் இல்லை. பாவம், வெயிலில் வந்த முகங்கள். தன் வாசலில் யார் எதற்காக நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் வாழ்ந்திருக்கிறார், எப்படித்தான் வாழ்ந்தாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முடிவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. குரல் அமைதியாக இருந்தது.

"அப்பா போயிட்டாரு சாரே. வர்ற புதனாழ்ச்ச அடியந்திரம். சாரு வரணும்."

இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு பொருள்தான். இருந்தும் நான் திருப்பிக் கேட்டேன், எந்த அடியந்திரம் என்று. "அப்பாக்க பதினாறு," என்றாள்.

பதினாறாம் நாளே போனேன். பதினேழாம் நாள் போவதில்லை என்று வைராக்கியம். பைகூட எடுத்துக்கொள்ளவில்லை. முன்வாசல் விரியத் திறந்து கிடந்தது. பந்தியில் உட்கார்ந்து, இலையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். போளி வைத்தார்கள். கிளம்பும்போது மகள் என்னை உள்ளே கூப்பிட்டாள். பெட்டி வெளியே இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

"வேண்டாம்னு சாரு சொல்லியிருந்தாலும், சாருக்குத்தான் கொடுக்கணும்னு அப்பா எங்கிட்ட மூணு தடவை சொன்னாரு," என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. "சாரு வந்துபோன பொறவும் அந்தக் கதவை விட்டு மாறல்ல. பேத்திக்க பெயின்ட் பாக்ஸை வாங்கி வச்சு ஏதோ வரைஞ்சாரு. கை நடுங்கும். நிறுத்தி நிறுத்தி வரைஞ்சாரு. வரையத்தான் அங்க இருக்காருன்னு நான் சமாதானப்பட்டேன். ஆனா பேடியும் இருந்தது சாரே. ரெண்டும் இருந்தது."

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, துணி எதுவும் மூடாமல், ஒரு புது அட்டை. மேலே ரத்தம் சொட்டுகிற மாதிரி பழைய பாணியில் தலைப்பு எழுதியிருந்தார்: அடியந்திரம். பாதி திறந்த கதவு. நிலையில் ஒரு பல்லி. வாசலில் வாழை மரத்துக்கு முன்னால், கக்கத்தில் இரண்டு சாக்கோடு நான்.

என்னைக் கொடூரமாக வரைந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். கோட்டில் நடுக்கம் இருந்தது, முகத்தில் பிசகு இல்லை. வழுக்கை, கண்ணாடி, மூக்கின் இடப்பக்கத்தில் உள்ள மரு, எல்லாம் இருந்தன. துக்கத்துக்கு என்று நான் வைத்திருக்கிற முகம் மட்டும் இல்லை. அதைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் இருந்த முகம் அது. கண் மின்னியது. உதடு விரிந்திருந்தது. பண்டிகை வீட்டுக்குப் பலகாரம் சாப்பிடப் போகிற பிள்ளையின் சந்தோஷம் முகம் முழுக்க இருந்தது. அவர் செத்துப்போனதில் எனக்கு வந்த சந்தோஷம். அதை நேருக்கு நேராக அவரே நின்று பார்த்திருக்கிறார்.

என் தோளுக்கு மேலாக மனைவி எட்டிப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்லையே," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னை அட்டை என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தேவலை என்று இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் மற்ற மூலப்படங்களைப் போட்டேன். பாராட்டு குவிந்தது. அந்த ஒன்றை மட்டும் போடவில்லை. அது இப்போது என் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்கிறது. இனி எந்தச் சாவு வீட்டுக்கும் போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். ஐந்து மாதம் போகவும் இல்லை.

போன வாரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது மின்கம்பத்தில் ஒரு போஸ்டர் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், வயது எண்பத்திநாலு, வலியசாலை. தேதியைப் பார்த்தேன். விரல் தானாகவே எண்ணியது. மறுநாள் பதினேழு.

வெறுமனே துக்கம் விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கையில் ஒரே ஒரு பை. கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை இறக்கி, உதட்டை மடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே கட்டிலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. மணியில் விரலை வைத்தவன், அழுத்துவதற்கு முன் இன்னொரு கையால் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தேன்.